உங்களுக்குப் பொறவு யாருக்குங்க?

எங்க தெருவுல அவருக்கு எமன் வக்கீல்னு பேரு. பெத்தவங்க வச்ச பேரு எனக்கும் தெரியும். ஆனா அதைச் சொன்னா திண்டுக்கல்லுல ஒரு ஆளுக்கும் வெளங்காது. எமன் வக்கீல்னு சொல்லிப் பாருங்க, வயசான ஆளுக அம்புட்டுப் பேரும் மொதல்ல சிரிப்பாங்க, அப்புறம் ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க.

ஆளு பாக்க எமன் மாதிரியெல்லாம் இல்ல. ஒல்லி. காத்தடிச்சா சைக்கிளோட சாஞ்சிருவாரு. பழனிப் பக்கம் ஆயக்குடிக்காரரு. அங்கிட்டுப் பேச்சு நமக்குத் தெரியும்ல, ஏனுங்க, வாங்க, சாப்டீங்களான்னு எதுக்கெடுத்தாலும் ஒரு 'ங்க' போடுவாங்க. இவரு அந்த 'ங்க'வை ஆளு பாத்துப் போட மாட்டாரு. தோல் பதனிடுற ஷாப்புல சுண்ணாம்புத் தொட்டிக்குள்ள நிக்கிற ஆளை ஊரே 'ஏலே'ன்னு கூப்பிட்ட காலம் அது. அவனையும் "வாங்க, உக்காருங்க"ம்பாரு. அம்புட்டு மரியாதையா உக்கார வச்சு, தண்ணி குடிக்கச் சொல்லி, அதே மரியாதையோட கேப்பாரு பாருங்க ஒரு கேள்வி.

"ஏனுங்க, உங்களுக்குப் பொறவு இது யாருக்குங்க?"

'இது'ன்னா வீடு. ரெண்டு சென்ட் மனையா இருக்கலாம், வாய்க்காலோரம் ஒரு துண்டு கத்திரிக் கொல்லையா இருக்கலாம், வெறும் ஓலைக் குடிசையா இருக்கலாம். இவருக்கு எல்லாம் ஒண்ணுதான். 'உங்களுக்குப் பொறவு'ன்னா நீ செத்தப்புறம்னுதான அர்த்தம்? உசுரோட குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கிற மனுசன்கிட்ட கேக்குற கேள்வியா அது? நல்ல நாளு பெரிய நாளுன்னு கிடையாது. அவரு சைக்கிள் எதுக்க வந்தா ஆளுக சந்துக்குள்ள ஒதுங்கிருவாங்க. குதிரை வண்டிக்காரர் ஒருத்தர், சவாரி உக்காந்திருக்கும்போதே வண்டியைத் திருப்பிக்கிட்டு வேற தெருவழியா போவாரு.

ஒரு கல்யாணத்துல பந்தி விசாரிச்சுக்கிட்டு வந்த பொண்ணோட அப்பாகிட்டயே கேட்டுட்டாரு. வெஞ்சனம் பரிமாறிக்கிட்டு வந்த பொண்ணோட அத்தை வாளியை டங்குனு கீழ வச்சுச்சு. "வாயில வசம்ப வச்சுத் தேய்க்க! தாலி கட்டி இன்னும் ஈரம் காயல, உமக்கு இதுதான் பேச்சா?"ன்னு ஒரு கத்து. பந்தியே நின்னு போச்சு. இவரு தலையைக் குனிஞ்சுக்கிட்டு, "கோவிச்சுக்காதீங்கம்மா, ரசம் கொஞ்சம் ஊத்துங்க"ன்னாரு. அதுவும் மொறைச்சுக்கிட்டே ஊத்துச்சு. அடுத்த மாசமே அதே அத்தை, அண்ணனையும் மதினியையும் இழுத்துக்கிட்டு வந்து அவரு முன்னாடி உக்காந்ததை நானே கண்ணால பாத்தேன்.

வந்து உக்காந்த எடம் எங்க தெரு முக்குல இருந்த படிப்பகம். சுருட்டுக் கம்பெனி ஆளுக காசு போட்டுக் கட்டுன ஓட்டுக் கொட்டகை. வேலை நாள்ல பேப்பர் படிக்கிறது, அரசியல் பேசி அடிச்சுக்கிறது. ஞாயித்துக்கிழமை காலையில மட்டும் அது எமன் வக்கீல் எடம். கூலி வாங்க மாட்டாரு. முத்திரைத்தாளுக்கும் பதியிற செலவுக்கும் உள்ளதை நாம கட்டணும், அம்புட்டுத்தான். மத்த நாள்ல கோர்ட்டுக்குப் போயும் பெருசா சம்பாதிச்ச மாதிரி தெரியல. கருப்புக் கோட்டு முழங்கையில தேஞ்சு பளபளன்னு இருக்கும். வாடகை வீடு. பொஞ்சாதி தையல் மிஷின் மிதிக்கும்.

"எங்களுக்கெல்லாம் என்னங்கய்யா சொத்து? எழுதி வைக்கிறதுக்கு"ன்னு எங்க ஆளுக வெக்கப்படுவாங்க. அதுக்கு அவரு சொல்லுவாரு, "பெரிய சொத்துக்காரங்களுக்குக் காவலுக்கு ஆளு இருக்குதுங்க. கொஞ்சமா இருக்கறவங்களுக்குத்தானுங்க ஆபத்து. அப்பன் பாடுபட்டுச் சேத்தறது புள்ள கைக்குப் போறதுக்குள்ள வழியிலயே காணாமப் போயிருது. பேரன் மறுபடியும் கூலிக்குப் போறான்."

அவருகிட்ட இன்னொரு பிடிவாதம். பொம்பளை வராம பேனாவைத் தொட மாட்டாரு. ஆம்பளை மட்டும் போனா, "அம்மாவைக் கூட்டியாங்க"ன்னு திருப்பி அனுப்பிருவாரு. எழுதினதை உரக்கப் படிச்சுக் காட்டுவாரு. நாலு எல்லையும் அந்தப் பொம்பளை வாயால சொல்லணும். சொல்லத் தெரியாட்டி மறுபடியும் படிப்பாரு. சிரிப்பா இருக்கும். ஆனா அந்தக் காலத்துல எங்க தெருப் பொம்பளைக குழாயடியில சண்டை போட்டாக்கூட, "வடக்கே வாய்க்கா, கெழக்கே வண்டிப்பாதை, அதுக்கு இங்கிட்டு எம் மனை, உள்ள காலை வச்சுப் பாரு"ன்னு தெளிவாச் சண்டை போட்டாளுக.

இப்ப எங்க கதைக்கு வாரேன்.

எங்க வீட்டுக்காரரு சுருட்டுச் சுத்துறவரு. நான் பொகையிலைக்குக் காம்பு கிழிக்கிறவ. கல்யாணமாகி வந்ததுல இருந்து ஒரே கூரைக்குக் குடிக்கூலி குடுத்துக் குடுத்து எனக்கு வெறுத்துப் போச்சு. மழை பேஞ்சா வீட்டுக்காரம்மா எங்களைத்தான் திட்டும், என்னமோ நாங்கதான் மழையைக் கூட்டியாந்த மாதிரி. தீபாவளிக்குச் சேலை எடுக்காம, என் தோட்டை வித்து, ஊருக்கு வெளிய வெங்காயக் காட்டை ஒட்டி ஒரு மனை வாங்கினோம். நானும் அவரும் மண்ணு குழைச்சு வச்ச செவரு. முன்னாடி ஒரு அறை, பின்னாடி ஒரு அறை, அதுக்குப் பின்னாடி கத்திரிக் கொல்லை. புது வீட்டுல படுத்த அன்னைக்கு நான் தூங்கவே இல்ல, சந்தோசத்துல.

ஆனா பத்திரம் யாரு பேர்ல? அங்கதான் இருக்கு கூத்து. இவரு பேர்லயும் இல்ல, என் பேர்லயும் இல்ல. இவரோட அண்ணன் பேர்ல.

ஏமாத்தி வாங்கிக்கலைங்க. மூத்தாரு அப்படிப்பட்ட ஆளு இல்ல. தகப்பன் செத்தப்புறம் தம்பியை வளத்து ஆளாக்கினவரு. வெங்காய மண்டியில தரகு வேலை, நாலு பேரு மதிக்கிற ஆளு. "பெரியவரு உசுரோட இருக்கையில சின்னவன் தன் பேர்ல பத்திரம் எழுதுனா ஊரு என்ன பேசும்? அண்ணனை மதிக்காதவன்னு பேசும்"னு இவரு தானாவே கொண்டுபோயி அண்ணன் பேர்ல எழுதுனாரு. எங்க பக்கம் அப்படித்தான். மரியாதைன்னு ஒண்ணு வந்துட்டா மத்ததெல்லாம் மறந்து போகும். நான் மூத்தாருக்கு முன்னால உக்கார மாட்டேன், நேருக்கு நேரா பேச மாட்டேன். கதவுக்குப் பின்னாடி நின்னு, "கேக்கச் சொல்லுங்க"ன்னு இவரு வழியாத்தான் பேச்சு. அப்படியிருக்க, பத்திரத்தைப் பத்தி நான் எங்கிட்டு வாயைத் திறக்க?

மகன் பொறந்து, மகளும் பொறந்தப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை வலுக்கட்டாயமா இவரைப் படிப்பகத்துக்கு இழுத்துக்கிட்டுப் போனேன். எமன் வக்கீல் வழக்கம்போலக் கேட்டாரு. யாரு பேர்ல இருக்குன்னு இவரு சொன்னதும் கண்ணாடியைக் கழட்டிட்டாரு.

"உங்கண்ணன் நல்லவருங்களா?"

"சாமி மாதிரி"ன்னாரு இவரு.

"அப்ப இப்பவே எழுதி வாங்கிருங்க. நல்லவங்ககிட்டத்தானுங்க கேக்க முடியும். கெட்டவங்ககிட்டக் கேட்டுப் புண்ணியமில்ல."

இவரு எந்திரிச்சுட்டாரு. "எங்கண்ணன்கிட்டப் போயி, எனக்கு எழுதிக் குடுன்னு கேக்கவா? அதுக்கு நான் தூக்குல தொங்கலாம்." என்னைப் பாத்து ஒரு மொறை. வீட்டுக்கு வார வரைக்கும் என்னை விட்டு முன்னாடியே நடந்தாரு.

சரி, அம்புட்டுத்தான்னு நான் விட்டுட்டேன். எமன் வக்கீல் விடலையே. நாலஞ்சு நாள் கழிச்சு, நான் அடுப்புல உலை வச்சுக்கிட்டு இருக்கேன், வாசல்ல சத்தம். மூத்தாரு நிக்கிறாரு. மொகம் செவந்து போயி, துண்டு தோள்ல இருந்து நழுவுது, அது கூடத் தெரியாம நிக்கிறாரு. பின்னாடியே சைக்கிளைத் தள்ளிக்கிட்டு எமன் வக்கீல்.

"ஏலே தம்பி, வெளிய வாடா! என் மேல உனக்குச் சந்தேகமா? வக்கீலை அனுப்பிக் கேக்குற அளவுக்கு நான் அந்நியமாப் போயிட்டேனா?"

"அவரு அனுப்பலீங்க. அவருக்குத் தெரியவே தெரியாதுங்க. நானாத்தான் வந்து உங்களக் கேட்டனுங்க"ன்னு வக்கீல் குறுக்க வந்தாரு. யாரு கேட்டா! தெருவே கூடிப்போச்சு. எங்க வீட்டுக்காரரு அண்ணன் கால்ல விழுந்து அழுகுறாரு. மூத்தாரு மறுபடி மறுபடி அதையே கேக்குறாரு. "சந்தேகமா? சொல்லு, சந்தேகமா?"

வக்கீல் கதவுப் பக்கம் திரும்பி, "அம்மா, நீங்க சொல்லுங்க"ன்னாரு.

எப்படி வெளிய வந்தேன்னு தெரியல. முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு, கல்யாணமாகி வந்ததுல இருந்து மொதல் தடவையா மூத்தார் மொகத்தைப் பாத்துப் பேசினேன். "உங்க மேல சந்தேகம் இருந்தா உங்க பேர்ல வாங்கியே இருக்க மாட்டாரு. உங்களை எங்களுக்குத் தெரியும். உங்களுக்கு அப்புறம் யாரு வருவாங்க, என்ன கேப்பாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. எம் புள்ளைக தெருவுல நிக்கக் கூடாது. அம்புட்டுத்தான்."

மூத்தாரு என்னையே பாத்தாரு. கோவத்தை விட அவருக்கு வலிதான் அதிகம்னு எனக்குத் தெரிஞ்சுச்சு. "நாளைக்கே ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வாரேன்"னாரு.

சொன்னபடியே வந்தாரு. கையெழுத்துப் போட்டாரு. எங்க ரெண்டு பேரு பேருக்கும் எழுதியாச்சு. ஆபீஸ் படியில நின்னு தம்பியைப் பாத்து, "இந்தா, வச்சுக்கோ. இனி உன் வாசப்படியை மிதிக்க மாட்டேன்"னு சொல்லிட்டு, திரும்பிப் பாக்காமப் போயிட்டாரு.

மனை கெடச்சுச்சு, அண்ணன் போனாரு. எங்க வீட்டுக்காரரு பொங்கலுக்குப் பொங்கல் கரும்பும் வெல்லமும் எடுத்துக்கிட்டு அண்ணன் வீட்டு வாசல் வரைக்கும் போவாரு. வாங்கிக்குவாங்க. பதிலுக்கு ஒருத்தரும் வர மாட்டாங்க. ராத்திரிச் சாப்பாட்டுல உக்காந்தா, "அண்ணனுக்கு இந்தக் கருவாட்டுக் கொழம்புன்னா உசுரு"ம்பாரு, தட்டைத் தள்ளிருவாரு. எமன் வக்கீல் எதுக்க வந்தா மொகத்தைத் திருப்பிக்குவாரு. வக்கீல் அவரு பாட்டுக்கு, "சாப்டீங்களா?"ன்னு கேட்டுக்கிட்டே போவாரு.

எனக்கும் பொறுக்கல. ஒருநாள் படிப்பகத்துக்கே போயி, "ஒரு வயித்துல பொறந்ததுகளைப் பிரிச்சு விட்டுட்டீங்களேய்யா. உங்களுக்கு இதுல என்ன கெடச்சது?"ன்னு கேட்டேன். ஆயக்குடியில இருந்து யாரோ குடுத்துவிட்ட கொய்யாப்பழத்தைத் துண்டு போட்டுக்கிட்டு இருந்தாரு. எனக்கும் ஒரு துண்டு நீட்டுனாரு.

"எங்கம்மா கொய்யாப்பழம் வித்துத்தானுங்க என்னைப் படிக்க வெச்சாங்க. கூடையைத் தலையில வெச்சுப் பழனி அடிவாரத்துக்கு நடப்பாங்க. அந்தப் பழம் எந்தத் தோப்புதுன்னு நெனைக்கறீங்க? எங்கப்பா குழி தோண்டி நட்ட தோப்புங்க. அவரு போனப்பறம் சித்தப்பங்க கையில போயிருச்சு. எல்லாம் வாய்ப்பேச்சாவே இருந்துதுங்க, எழுதிக் குடுங்கன்னு கேக்கறதுக்கு எங்கப்பா வெக்கப்பட்டுட்டு இருந்துட்டாரு. எங்கம்மா அந்த மரத்துப் பழத்தையே வெலை குடுத்து வாங்கி, வித்தாங்க."

நான் பழத்தைத் தின்னேன்.

பிறகு புள்ளைக வளந்தாங்க. அந்த மனையை வச்சுத்தான் கடன் வாங்கி மகளை டீச்சர் ட்ரெயினிங் படிக்க வச்சோம். சுருட்டுச் சுத்துற வீட்டுல இருந்து ஒரு பொட்டப்புள்ள டீச்சருக்குப் படிக்கப் போனதை எங்க தெருவே வாயைப் பொளந்து பாத்துச்சு.

அந்தச் சமயத்துலதான் மூத்தார் தலையில இடி விழுந்துச்சு. மண்டியில கூட்டாளி ஒருத்தனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்காரு. வந்து கேட்டா மாட்டேன்னு சொல்லத் தெரியாத மனுசன். அந்தக் கடங்காரப் பய ராவோட ராவா ஓடிட்டான். கோர்ட்டுல இருந்து ஆளு வந்து, தமுக்கடிச்சு, மூத்தாரு பேர்ல இருந்த அம்புட்டையும் ஜப்தி பண்ணிட்டாங்க. வீடு, மண்டிப் பங்கு, வண்டி மாடு. எங்க மனையும் ஆதியில அவரு பேர்ல வாங்கினதுதானன்னு அதுக்கும் கை நீட்டினாங்க. எமன் வக்கீல் அந்தத் தேஞ்ச கோட்டை மாட்டிக்கிட்டுப் போயி நின்னு, ஜாமீனுக்கு எத்தனையோ வருசம் முந்தியே கைமாறிப்போச்சுன்னு பத்திரத்தைக் காட்டினதும் விட்டுட்டாங்க. அன்னைக்கு மூத்தாரு கோவிச்சுக்கிட்டுப் போட்ட கையெழுத்து மட்டும் இல்லைன்னா ரெண்டு குடும்பமும் தெருவுலதான்.

மூத்தாருக்கு ரெண்டும் பொண்ணு, நத்தத்துல கட்டிக் குடுத்திருந்தாரு. "மக வீட்டுல போயி சோத்துக்கு உக்கார மாட்டேன்"னு பொஞ்சாதியோட பூட்டுன வீட்டு வாசல்லயே உக்காந்திருந்தாரு. எங்க வீட்டுக்காரரு வாடகை வண்டி கட்டிக்கிட்டுப் போனாரு. "ஏறுங்கண்ணே." அண்ணனும் ஏறிட்டாரு.

ஆனா எங்க வாசலுக்கு வந்ததும் இறங்கி நின்னுட்டாரு. படியில கால் வைக்க மாட்டேங்குறாரு. "சொன்ன சொல்லு இருக்குடா தம்பி"ங்குறாரு. உச்சி வெயிலு. அக்கா, அதான் மூத்தாரு பொஞ்சாதி, மூட்டையை இடுப்புல வச்சுக்கிட்டு அழுகுது. இவரு கெஞ்சுறாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. "முன்வாசலைத்தான மிதிக்க மாட்டேன்னு சொன்னாக? கத்திரிக் கொல்லை வழியா வரச் சொல்லுங்க. சோறு ஆறுது!"ன்னேன். மூத்தாரு படியை விட்டு விலகினாரு. சுத்திக்கிட்டுப் பின்பக்கமா வந்தாரு. முன் அறையை அவங்களுக்கு விட்டோம். தெருப் பாத்த அறையில படுத்துக்கிட்டு, தெருவுக்குப் போக மட்டும் கொல்லை வழியா சுத்திப் போவாரு. மழையானாலும் சேறானாலும் அப்படித்தான். சொன்ன சொல்லாம்!

அதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக்காரரே படிப்பகத்துக்குப் போயி எமன் வக்கீல் கையைப் புடிச்சுக் கூட்டிக்கிட்டு வந்தாரு. எத்தனை வருசம் கழிச்சு! முன் அறையில பாய் விரிச்சு உக்கார வச்சோம். மூத்தாரு ஒரு ஓரமா செவத்துல சாஞ்சு இருந்தாரு. நானும் உக்காந்தேன், அவருக்கு முன்னாலயே.

"ஏனுங்க, உங்களுக்குப் பொறவு இது யாருக்குங்க?"

"மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி"ன்னாரு இவரு, பட்டுனு. என்கிட்டக் கேட்டாரு, நானும் அதையே சொன்னேன். வக்கீல் குறிச்சுக்கிட்டாரு. நாலு எல்லையைக் கேட்டாரு, சொன்னேன். பேனாவை மூடப் போனாரு.

"என்னைக் கேக்கலையே"ன்னு ஓரத்துல இருந்து ஒரு குரலு.

எல்லாரும் திரும்புனோம். மூத்தாரு நிமிந்து உக்காந்திருந்தாரு. "ஊருல உள்ள அம்புட்டுப் பேரையும் கேட்டீரு. தோட்டியைக் கேட்டீரு, வண்டிக்காரனைக் கேட்டீரு. அன்னைக்கு என் வீட்டுக்கே வந்து என்னைக் கேட்டீரு. இன்னைக்கு மட்டும் கேக்காமப் போறீரு. என்கிட்ட ஒண்ணும் இல்லைன்னுதான?"

எமன் வக்கீல் பேனாவை மூடிக் கீழ வச்சாரு. கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு, தொடைச்சுக்கிட்டே இருந்தாரு.

எங்க வீட்டுக்காரரு மெதுவாச் சொன்னாரு. "ஐயா, இந்த முன் அறையும் தெருப் படியும் அண்ணனுக்கும் மதினிக்கும் அவங்க காலம் உள்ள வரைக்கும். ஒருத்தரும் எந்திரின்னு சொல்லக் கூடாது, எம் புள்ளைகளும் சொல்லக் கூடாது. அப்படி எழுத முடியுமா?"

"முடியுமுங்க. ஆயுள் வரைக்கும் உரிமைன்னு எழுதலாமுங்க." மறுபடியும் பேனாவைத் திறந்தாரு. எழுதினாரு. எழுதினதை உரக்கப் படிச்சாரு. முன் அறை, தெருப் படி, அது வழியா போக வர உள்ள பாத்தியம், எல்லாத்தையும் அக்காவைச் சொல்ல வச்சாரு. அப்புறம் பாயில நகந்து மூத்தாருக்கு நேரா உக்காந்து, கை கூப்பாத குறையா, நிதானமாக் கேட்டாரு.

"ஏனுங்க, உங்களுக்குப் பொறவு இது யாருக்குங்க?"

மூத்தாரு தொண்டையைச் செருமிக்கிட்டாரு. வெங்காய மண்டியில ஏலம் சொல்லுற அந்தப் பழைய குரலு எங்கிட்டு இருந்துதான் வந்துச்சோ.

"எனக்குப் பொறவு எந் தம்பி புள்ளைகளுக்கு. எழுதிக்கிரும்."

மறுநாள் எல்லாரும் போயிப் பதிஞ்சுட்டு வந்தோம். மூத்தாரு சாயங்காலமா எந்திரிச்சு, துண்டை உதறித் தோள்ல போட்டாரு. வெத்தலை வாங்கப் போறேன்னாரு. கொல்லைப் பக்கம் திரும்புவாருன்னு பாத்தேன். திரும்பல. முன் கதவைத் திறந்து, அந்தப் படியில செத்த நேரம் நின்னு தெருவைப் பாத்துட்டு, இறங்கிப் போனாரு.